விளங்காவிட்டாலும் நின்று பாருங்கள்

"இதென்ன பிள்ளை, எங்கட கோடிக்குள்ள கிடக்கிற சாமான்தானே? இதைப் பாக்கவோ இவ்வளவு தூரம் வந்தனாங்கள்?"

2004 ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் பொது நூலகத்தில் நின்றுகொண்டு என் அம்மா கேட்ட கேள்வி இது. அப்பா, அம்மா, தம்பி, நான் என நால்வரும் அச்சுவேலியிலிருந்து மினிவானில் இடிபட்டு வந்திருந்தோம். சமாதான காலம் என்று சொல்லப்பட்ட நாட்கள் அவை. ஏ9 பாதை திறந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. 1981 இல் 97,000 வரையான நூல்களோடு எரிக்கப்பட்ட நூலகம் மறுபடி வெள்ளை வெளேரென்று எழும்பி நின்றது. அந்தக் கட்டடத்தைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசைதான் அம்மாவை வரவைத்தது. அங்கே 'அகம் புறம்' என்ற பெயரில் சமகாலக் கலைக் கண்காட்சி ஒன்று நடப்பதை அறிந்து, எல்லோரையும் அந்தப் பக்கம் இழுத்துப் போனவள் நான்.

அப்பாவுக்கு ஓவியத்தில் ஆசை உண்டு. ஆனால் அவர் ஆசைப்பட்ட ஓவியம் வேறு. எங்கள் அச்சுவேலியில் பிறந்து, நாட்டின் தபால் முத்திரைகளுக்கும் படம் வரைந்த ஆசை இராசையா அவர்களே அவருக்கு ஓவியர். பார்த்ததும் இன்னார், இன்ன இடம் என்று சொல்லக்கூடியதாக இருந்தால்தான் அது படம். அப்படி எதிர்பார்த்து வந்த மனிதரின் முன்னால், தா. சனாதனன் அவர்களின் 'வரலாறுகளின் வரலாறு' என்ற படைப்பு இருந்தது. வரைந்த படம் ஒன்றும் அதில் இல்லை. யாழ்ப்பாணத்தின் நூற்றுக்கணக்கான வீடுகளிலிருந்து கேட்டு வாங்கிச் சேர்த்த பொருட்களே அந்தப் படைப்பு. போர்க்காலத்தை அந்தந்த வீட்டார் எந்தப் பொருளில் நினைவு வைத்திருந்தார்களோ, அந்தப் பொருட்கள். இப்படிப் பொருட்களை ஓரிடத்தில் வைத்துக் காட்டுவதை நிறுவற்கலை என்பார்கள் என்று எனக்கும் பின்னாளில்தான் தெரியவந்தது.

"ஓவியம் எங்கை?" என்று அப்பா மெதுவாகக் கேட்டார். அம்மா கேட்ட கேள்வியை முதலிலேயே சொல்லிவிட்டேன். எனக்கும் பதில் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. கால் மணி நேரத்தில் வெளியே வந்து, முனியப்பர் கோயில் பக்கம் நின்று கச்சான் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் புறப்பட்டோம்.

திரும்பும் வழியில், நீர்வேலி தாண்டும்போது, அம்மா திடீரென்று சொன்னா: "படலையடியில கிடக்கிற ஷெல் கோதை நாங்களும் குடுத்திருக்கலாம்."

காற்றுக்குப் படலை அடிபடாமல் இருக்க அப்பா முட்டுக் கொடுத்து வைத்திருந்த வெற்றுக் கோது அது. 1995 இடப்பெயர்வு முடிந்து வீடு திரும்பியபோது வளவுக்குள் கிடந்தது. எட்டு ஆண்டுகளாக நாங்கள் அதைக் காலால் தள்ளித்தான் படலையைத் திறந்தோம். அன்றிரவு சாப்பிட்ட பிறகு, அந்தக் கோது வளவுக்குள் வந்து விழுந்த காலத்தைப் பற்றி அம்மா கதைக்கத் தொடங்கினா. எதை எடுத்துக்கொண்டு ஓடினோம், எதை விட்டுவிட்டு வந்தோம், சாவகச்சேரியில் யார் வீட்டு விறாந்தையில் படுத்தோம் என்பதெல்லாம் அன்றுதான் ஒழுங்காக வெளியே வந்தது. அதுவரை எங்கள் வீட்டில் அது ஒரு கதையாகச் சொல்லப்பட்டதே இல்லை.

கால் மணி நேரமும் "விளங்கேல்லை" என்று நின்ற மனிதர்களிடம் அந்தக் கண்காட்சி செய்த வேலை இது. அதை வைத்துத்தான் இந்தக் கட்டுரையில் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். மாணவிகளே, பெற்றோரே, சமகாலக் கலைக் கண்காட்சி ஒன்று நம் பக்கம் வந்தால் குடும்பமாகப் போங்கள். விளங்காது என்ற பயத்தில் நிற்காதீர்கள். விளங்கவில்லை என்று உடனே திரும்பியும் வந்துவிடாதீர்கள்.

விளங்காமை ஒரு குற்றமல்ல. உயர்தர வகுப்பில் சங்கப் பாடல் ஒன்றை முதன்முதல் எடுக்கும்போது யாருக்கு விளங்குகிறது? சொல்லுக்குப் பொருள் பார்க்கிறோம், யார் யாருக்குச் சொன்னது என்று கேட்கிறோம், திணை எது என்று பார்க்கிறோம். அகம், புறம் என்ற பிரிவையே அப்படித்தான் படித்தோம். அந்தப் பொறுமையில் கால்வாசியைக் கூட ஒரு கலைப்படைப்பின் முன்னால் நாம் காட்டுவதில்லை. படம் என்றால் பார்த்த உடனே பிடிபட வேண்டும் என்று யாரோ நமக்குச் சொல்லித் தந்துவிட்டார்கள்.

அடுத்தது, "இதை நானும் செய்வேனே" என்ற பேச்சு. என் அம்மாவின் கேள்வியும் அதுதான். வீட்டுக் கோடிக்குள் கிடக்கிற சாமானைக் கொண்டுவந்து வைப்பதில் என்ன கலை இருக்கிறது? கோடிக்குள் கிடக்கும்வரை அதை நாங்கள் பார்க்கவில்லை என்பதே அதற்குப் பதில். ஒரு வீட்டில் கிடந்தால் அது குப்பை. நூற்றுக்கணக்கான வீடுகளிலிருந்து வந்து, நூலகம் போன்ற ஒரு பொது இடத்தில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் அது சாட்சி. பாடப் புத்தகம் அரசர்களையும் தலைவர்களையும் எழுதுகிறது. படலைக்கு முட்டுக் கொடுத்த கோதைப் பற்றி எந்தப் பாடப் புத்தகம் எழுதும்?

இனி, கொஞ்சம் கஷ்டமான விடயம். நான் அச்சுவேலியில் இருந்து வந்து இக்கல்லூரியில் தமிழ் படிப்பிப்பவள் என்பதால் இதைச் சொல்லாமல் விட முடியாது.

2004 இல் அந்தப் பொருட்களின் முன்னால் நின்றபோது நான் கேட்காத ஒரு கேள்வி இருக்கிறது. 1990 ஒக்டோபர் 30 அன்று விடுதலைப் புலிகள் ஒலிபெருக்கியில் அறிவித்து, ஒஸ்மானியாக் கல்லூரியில் மக்களைக் கூட்டி, யாழ்ப்பாண முஸ்லிம்களை இரண்டு மணி நேரத்துக்குள் வெளியேறச் சொன்னார்கள். சோனகதெரு வெறிச்சோடிப் போனது. உடுத்த துணியோடும் சொற்பக் காசோடும் போனவர்களின் வீட்டுப் பொருட்கள் எங்கே? யாழ்ப்பாணத்து வீடுகளின் நினைவைக் காட்டும் ஓர் இடத்தில் நின்றபோது, இந்தக் கேள்வி என் வாயில் வரவில்லை. படைப்பின் குறை என்று இதை நான் சொல்ல வரவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்கும்படியாகத்தான் அது அங்கே இருந்தது. பார்க்க வந்த நான் என் வீட்டுக் கோதோடு நின்றுவிட்டேன்.

சரியாக ஐந்து ஆண்டுகள் கழித்து, 1995 இல் அதே ஒக்டோபர் 30 அன்று, வலிகாமமே தென்மராட்சிப் பக்கம் பெயர்ந்தது. ஒரே திகதி. நாங்கள் அந்தத் திகதியை ஒவ்வோர் ஆண்டும் நினைப்போம். அதற்குள் இன்னொரு ஒக்டோபர் 30 இருப்பதை நான் நினைத்தது, இந்தக் கல்லூரிக்குப் படிப்பிக்க வந்த பிறகுதான்.

2011 இல் சனாதனன் அவர்களின் இன்னொரு படைப்பு நூல் வடிவில் வந்தது. 'நிறைவுறாத் தோம்பு' என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். தோம்பு என்றால் நம் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும். ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடு. இந்தத் தோம்பில் இருப்பவை, போரால் வீடிழந்த தமிழ் பேசும் மக்கள் நினைவிலிருந்து கீறிய எண்பது வீடுகளின் தரைப்படங்கள். அவற்றைப் பார்த்து ஒரு கட்டடக் கலைஞர் அளவாகக் கீறிய படமும், ஓவியர் வரைந்த படமும் பக்கத்தில் இருக்கும். அலுவலகக் கோப்பு மாதிரியான தோற்றம். உள்ளே ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு வீடு.

இந்த நூலைப் பற்றி வகுப்பில் சொன்னபோது, "நீங்களும் வீட்டில் பெரியவர்களிடம் ஒரு தாளும் பென்சிலும் கொடுத்துப் பாருங்கள்" என்றேன். வீட்டுப்பாடமாகச் சொல்லவில்லை. சும்மா சொன்னேன். இரண்டு நாள் கழித்து ஒரு மாணவி அப்பியாசக் கொப்பியின் நடுத்தாளைக் கழற்றி மடித்துக் கொண்டுவந்தாள். அவளுடைய உம்மம்மா கீறியது. புத்தளத்தில் முகாமிலும் வாடகை வீட்டிலுமாக இருபது ஆண்டுகள் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். பழைய வீடு இப்போது இல்லை.

அந்தப் படத்தில் வீட்டைவிடக் கிணறு பெரிதாக இருந்தது. குசினிக்குள் அடுப்பு இருந்த மூலை, உரல் இருந்த இடம், மாதுளை மரம் எல்லாம் இருந்தன. முன் வாசலை அவர் கீறவே மறந்துவிட்டார். ஆனால் பின் மதிலில் ஒரு சின்னக் கதவைக் கவனமாகக் கீறியிருந்தார். "அந்தக் கதவு எங்கே போகுது?" என்று கேட்டேன்.

"அது பக்கத்து வீட்டுக்கு, டீச்சர். அவங்க தமிழ் ஆக்கள். நோன்புக் கஞ்சி அந்தக் கதவாலதான் போகுமாம். பொங்கலும் அதாலதான் வருமாம்."

"போன அன்றைக்கு அந்தக் கதவு திறந்ததா?" என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. அந்தக் கதவுக்கு அங்காலே இருந்த ஆட்களில் ஒருத்தி நான். அதற்குப் பதில் சொல்ல வேண்டிய பக்கம் எங்கள் பக்கம்.

ஒரு கொப்பித் தாளும் பென்சிலும் இதைச் செய்தன. இதுதான் சமகாலக் கலை என்று நான் நினைக்கிறேன். அழகாகக் கீறத் தெரிந்தவர் மட்டும் செய்வதல்ல அது. பேசாமல் விட்டதைப் பேசவைக்கிற ஒரு வழி.

பெற்றோர் சிலருக்கு மார்க்கம் சம்பந்தமான தயக்கம் இருப்பதை நான் அறிவேன். உருவம் வரைவதைப் பற்றி மார்க்கத் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. அதை ஆலிம்களிடம் கேளுங்கள். ஆனால் கலை என்றாலே உருவப்படம் என்று எண்ண வேண்டியதில்லை என்பதை மட்டும் சொல்கிறேன். இதற்கு நல்ல எடுத்துக்காட்டு ஜரீனா ஹாஷ்மி. 1937 இல் இந்தியாவின் அலிகாரில் பிறந்த முஸ்லிம் பெண். தகப்பனார் அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியர். ஜரீனாவும் அங்கேயே படித்துப் பட்டம் பெற்றார். எந்தப் பாடத்தில் தெரியுமா? கணிதத்தில். பிரிவினைக்குப் பிந்திய ஆண்டுகளில் குடும்பம் பாகிஸ்தானுக்குப் போனது. அவர் நாடு நாடாக வாழ்ந்து, நியூயோர்க்கில் நெடுங்காலம் இருந்து, 2020 இல் இலண்டனில் காலமானார்.

அவர் வாழ்நாள் முழுவதும் திரும்பத் திரும்ப எடுத்துக்கொண்டது ஒரே ஒரு பொருளை: வீடு. 1999 இல் அவர் செய்த ஒரு தொடரில் 36 மரச்செதுக்கு அச்சுகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் தாய்மொழியான உருதுவில் ஒரு சொல், அதற்குப் பக்கத்தில் சில கோடுகள். அவ்வளவுதான். தகப்பனாரின் அலிகார் வீட்டின் தரைப்படத்தையும் அவர் அச்சுப் படைப்பாக்கியிருக்கிறார். மனித முகம் ஒன்றும் இல்லை. கறுப்புக் கோடு, வெள்ளைத் தாள், ஒரு சொல். உலகத்தின் பெரிய அருங்காட்சியகங்கள் அவற்றைப் பாதுகாக்கின்றன. அந்தத் தரைப்படத்துக்கும் நமது மாணவியின் உம்மம்மா கீறியதற்கும் இடையில் எத்தனையோ வேறுபாடு இருக்கலாம். தொடங்கிய இடம் ஒன்றுதான்.

இன்னொருவர் மோனா ஹாட்டூம். பலஸ்தீனப் பெற்றோருக்குப் பெய்ரூட்டில் பிறந்தவர். 1996 இல் ஜெருசலேமில் ஒரு கண்காட்சிக்காக, நாப்லுஸ் நகரத்து ஒலிவ் எண்ணெய்ச் சவர்க்காரக் கட்டிகளை 2,000 இற்கும் மேலாகத் தரையில் அடுக்கினார். அவற்றின் மேல் சின்னச் சிவப்புக் கண்ணாடி மணிகளைப் பதித்து, ஒஸ்லோ உடன்படிக்கையின்படி பலஸ்தீனரிடம் கொடுபடவிருந்த நிலத் துண்டுகளைக் காட்டினார். பார்க்க வந்த உள்ளூர் மக்களுக்கு அது வீட்டுச் சவர்க்காரம், வாசத்திலேயே தெரிந்துவிட்டது. சவர்க்காரம் கரைந்தால் இந்த எல்லைகளும் கரைந்துவிடும் என்பதற்காகவா இதில் கீறினீர்கள் என்று ஒருவர் கேட்டாராம். அந்த மனிதர் கலை படித்துவிட்டு வந்து அதைக் கேட்கவில்லை. தன் வீட்டுச் சவர்க்காரத்தைத் தெரிந்தவர், அவ்வளவுதான்.

நமது நாட்டிலும் இப்படிப் பலர் இருக்கிறார்கள். சந்திரகுப்த தேனுவர, காவலரண்களில் வைத்திருந்த பீப்பாய்களையே 1997 இல் தன் கலைக்கு எடுத்துக்கொண்டார். மலையகத்தில் பிறந்து யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நுண்கலை படித்த ஹனுஷா சோமசுந்தரம், தேயிலைப் பைகளைக் கொண்டே தோட்டத் தொழிலாளரின் வாழ்வைச் சொன்னார். எல்லாம் நாம் தினமும் காணும் சாமான்கள்.

ஆகவே, போகும்போது எப்படிப் பார்க்கலாம்? நான் சில கண்காட்சிகளுக்குக் கணவரோடும் மகளோடும் போய்ப் பழகியதில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். எல்லாவற்றையும் பார்த்து முடிக்க நினைக்காதீர்கள். கலியாண வீட்டில் எல்லாக் கறியையும் கோப்பையில் போடுவதில்லையே. ஒன்றைத் தெரிந்து, அதன் முன்னால் ஐந்து நிமிடம் நில்லுங்கள். கைத்தொலைபேசி பையிலேயே இருக்கட்டும். இது எதனால் செய்தது, அந்தப் பொருள் எங்கேயிருந்து வந்தது என்று முதலில் பாருங்கள். பிறகு, இதில் யார் இல்லை என்று கேளுங்கள். 2004 இல் நான் கேட்காமல் விட்டது அந்தக் கடைசிக் கேள்வியைத்தான்.

வாப்பாமாரே, உம்மாமாரே, பிள்ளையை முதலில் கதைக்க விடுங்கள். "இது இதுதான்" என்று நாம் விளக்கம் சொன்னால் பிள்ளை பார்ப்பதை நிறுத்திவிடும். வீட்டில் மூத்தவர்கள் இருந்தால் அவர்களையும் கூட்டிப்போங்கள். காலில் நோ என்றால் ஒரு கதிரை கேட்டு வாங்கிக் கொடுங்கள். கண்காட்சியில் அதிகம் காண்பவர்கள் அவர்கள்தான். என் அனுபவத்தில், பிறகு வீட்டில் வந்து கதைப்பவர்களும் அவர்கள்தான்.

கண்காட்சி வைப்பவர்களிடமும் ஒன்றைக் கேட்க வேண்டும். படைப்புக்குப் பக்கத்தில் வைக்கும் குறிப்பு நல்ல தமிழில் இருக்க வேண்டும். 2019 டிசெம்பரில் கொழும்பில் தொடங்கிய நவீன, சமகாலக் கலைக்கான அருங்காட்சியகம் மூன்று மொழிகளிலும் குறிப்பு வைக்கிறது. அது நல்ல முன்மாதிரி. பல கண்காட்சிகளில் தமிழ்க் குறிப்பு ஆங்கிலத்தைவிடக் கடினமாக இருக்கிறது. படைப்பு விளங்காமல் நிற்கும் அம்மாவுக்குக் குறிப்பும் விளங்காவிட்டால் அவர் வேறென்ன செய்வார்? அதோடு, யாழ்ப்பாண நகரத்துக்குள்ளேயே எல்லாம் நடந்து முடிந்துவிடுகிறது. அச்சுவேலியில் ஒரு பாடசாலை மண்டபத்தில் ஏன் ஒரு கண்காட்சி வரக்கூடாது?

"கலை சோறு போடுமா?" என்று கேட்கும் பெற்றோருக்கும் ஒரு சொல். உங்கள் மகள் விஞ்ஞானமோ கணிதமோ படிக்கட்டும், நல்லது. ஜரீனாவும் கணிதம்தான் படித்தார். எந்தத் தொழிலுக்குப் போனாலும், கண்ணால் காண்பதை நின்று பார்க்கவும், காணாததைப் பற்றிக் கேட்கவும் தெரிந்த பெண்ணாக அவள் போகட்டும். கலைக் கண்காட்சி அதற்கு ஒரு நல்ல பள்ளிக்கூடம்.

கடைசியாக, அதிபருக்கும் மாணவியருக்கும் ஒரு விண்ணப்பம். வருகிற ஒக்டோபர் 30 அன்று நமது கல்லூரி மண்டபத்தில் ஒரு கண்காட்சி வைப்போம். ஓவியர் யாரையும் தேட வேண்டாம். ஒவ்வொரு மாணவியும் தன் வீட்டு மூத்தவர் ஒருவர் கீறிய பழைய வீட்டின் தரைப்படம் ஒன்றைக் கொண்டு வரட்டும். கொப்பித் தாள் போதும். வீட்டில் மூத்தவர் இல்லாதவர்கள் அயலாரிடம் கேட்கட்டும். சுவரில் ஒட்டி, கீழே தெருவின் பெயரை மட்டும் எழுதுவோம். பக்கத்துத் தமிழ்ப் பாடசாலைகளின் மாணவிகளையும் அவர்களின் பெற்றோரையும் அழைப்போம்.

அம்மாவுக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. படலையடியில் இருந்த அந்தக் கோது இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. அன்றைக்கு அம்மாவை அச்சுவேலியிலிருந்து கூட்டி வருவேன். எங்கள் வீட்டுப் படத்தை அவ கீறுவா. ஆனால் முதலில், பின் மதிலில் சின்னக் கதவு உள்ள அந்தப் படத்தின் முன்னால் அவவை நிறுத்துவேன். இந்த முறை கால் மணி நேரத்தில் கூட்டிப் போய்விட மாட்டேன்.